ஐந்து பேருக்கும் என் விரல்

என் இடுப்பில் வளர்ந்த தம்பி சுந்தரேசனுக்கு,

அன்றைக்கு உப்பளத்துக் கொட்டகையில் இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. அஞ்சலை. பச்சையம்மா. சூசையம்மா. தனபாக்கியம். குள்ளம்மா. இந்த ஐந்து பேரும் விடியலிலிருந்து உப்பு வாரிவிட்டுப் பாத்தியிலிருந்து நேராக வந்தவர்கள். மடியில் மைப்பெட்டியோடு உன் குமாஸ்தா வரதன். கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நீ. அப்புறம் நான், தைலம்மாள். மொத்தம் எட்டுப் பேர். வேறு யாரும் இல்லை. இருந்ததாக இனிமேல் யாராவது சொன்னால் அது பொய்.

உன் ஜூனியர் முரளி போன வாரம் வீட்டுக்கு வந்தான். நீ இருந்த இடத்துக்கு இந்தத் தேர்தலில் அவன்தான் நிற்கிறான், உன் படத்தைப் பிடித்துக்கொண்டு. உனக்குப் படத்திறப்பு வைத்து ஒரு நினைவு மலரும் போடுகிறார்களாம்.

"அக்கா, நாலு வரி எழுதிக் குடுங்க. அண்ணன் சின்ன வயசுல எப்படிப் படிச்சாரு, எப்படிக் கஷ்டப்பட்டாரு, அந்த மாதிரி."

"நாலு வரி போதுமாப்பா?"

"போதும்க்கா. படம்தான் பெருசா போடறோம்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு நாலு வரியே அதிகம் என்று நினைத்திருப்பான். எனக்கு உன்னைப் பற்றி நாலு வரியில் சொல்லத் தெரியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். மலரில் இதைப் போடமாட்டான். போடாவிட்டால் போகட்டும். நகல் எடுத்து அந்த ஐந்து வீட்டிலும் கொடுத்துவிடுவேன். படிக்கத் தெரியாத வீட்டில் நானே உட்கார்ந்து படித்துக் காட்டுவேன்.

உன்னிடம் இருந்த நல்லதை மறைக்க மாட்டேன். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி உன்னை அனுப்பினார்கள். அதில் எனக்கு அப்பாமேல்தான் கோபம், உன்மேல் இல்லை. நீ சட்டம் படித்துவிட்டு வந்து, யாரோ போட்டுக் கழித்த கோட்டை வாங்கி, முதல் பஸ்ஸில் திண்டிவனத்துக்குப் போனாய். அந்தக் கோட்டு உனக்குத் தோளில் தொளதொளவென்று நின்றது. நான்தான் பிரித்துத் தைத்தேன். புருஷன் அடித்துத் துரத்திய பெண்கள் உன்னைத் தேடி வந்தார்கள். கடலோரத்தில் வலை அறுபட்டவர்கள் வந்தார்கள். நீ யாரையும் நிற்க வைத்துப் பேசியதில்லை. உன் கல்யாணத்தில் உன் மாமியார் வீட்டார் என்னை முதல் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டபோது நீ பார்த்துக்கொண்டு சும்மா நின்றாய். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. அதை இப்போது விடு.

அளத்து முதலாளி கரையை வெட்டினாரே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. ஊரிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற ஒரே வழி அளத்தின் நடுவே போகிற அந்த மண் கரைதான். சூசையம்மா ஜனங்களின் கல்லறையும் அதைத் தாண்டித்தான். உப்புத் தண்ணீர் அதிகம் இழுக்க வேண்டும் என்று கரையை வெட்டி வாய்க்கால் விட்டார். கோடையில் முழங்கால் அளவு. மழைக்காலத்தில் இடுப்புக்கு மேல். பொணத்தைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்கித்தான் ஏற வேண்டும். ரோட்டைச் சுற்றிப் போகலாம் என்றால் பாதி நாள் நடை.

நீ கேஸ் போடலாம் என்றாய். "பொம்பளைங்க பேர்ல போடுவோம்க்கா, ஜட்ஜ் உடனே தடை குடுப்பாரு" என்று சொன்னாய். ஐந்து பேரை நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். என் பேச்சுக்குத்தான் அவர்கள் வந்தார்கள். உன்னை அவர்களுக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது.

கோர்ட்டு கோடை லீவு விடுவதற்கு முன் போட்டாக வேண்டும் என்று அவசரம். வரதன் ஒவ்வொருத்தியின் பெருவிரலையும் பிடித்து மையில் அழுத்தி வக்காலத்துத் தாளில் வைத்தான். வைத்துவிட்டுத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னாம்மா இது, கரித்துண்ட வெச்ச மாதிரி விழுது. ரேகையே இல்ல."

"ரேகையெல்லாம் முதலாளி பாத்தியில கரைஞ்சி போச்சு சார்" என்றாள் பச்சையம்மா. "மூட்டைய அவுத்துத் தேடிப் பாருங்க, கெடைக்கும்."

எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். உப்பில் இருபது வருஷம் கிடந்த விரல்கள். நல்ல தண்ணீரில் கழுவிப் பார்த்தான், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துப் பார்த்தான். எத்தனை தடவை வைத்தாலும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. மேஸ்திரி வேறு பாத்தியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அப்போது நீ என் கையைப் பார்த்தாய். எனக்குக் கண்ணில் பூ விழுந்து அளத்துக்குப் போகாமல் மூன்று வருஷம் ஆகியிருந்தது. விரலில் தோல் திரும்பியிருந்தது.

"அக்கா, நீ வை."

"யார் பேருக்குடா?"

"அஞ்சு பேருக்கும்தான். ஆளுங்க எதிர்லயே இருக்குறாங்க, சம்மதம் சொல்லிட்டாங்க. ரேகை ஒரு சடங்குக்கா."

"அதுக்கு இன்னா, வைக்கா" என்றாள் அஞ்சலை. "உன் வெரலும் எங்க வெரலும் வேறயா?"

வைத்தேன். ஐந்து பெயருக்குக் கீழும் வைத்தேன். மேஸ்திரி குரலுக்கு அவர்கள் பாத்திக்கு ஓடிய பிறகு நீ, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்களை இழுத்தடிக்க வேண்டாம் என்று சொல்லி, ஒன்றும் எழுதாத தாள்களை நீட்டினாய். அவற்றின் அடியிலும் வைத்தேன். எத்தனை தாள் என்று எண்ணவில்லை. தம்பி நீட்டுகிற தாளை யார் எண்ணுவார்கள்? துண்டில் மையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உனக்கு மீன் குழம்பு வைத்தேன். நீ ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய்.

தடை கிடைத்தது. வாய்க்காலின்மேல் முதலாளியே பலகை போட்டுக் கொடுத்தார். அந்தக் கரையில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் தேர்தலில் நீ நின்றாய். ஓட்டுக் கேட்க எங்கே போனாலும் "சுடுகாட்டு வழிய மீட்டுக் குடுத்த வக்கீல்" என்றுதான் மைக்கில் சொன்னார்கள். பெருமுக்கல் மலையேறி உனக்காக வேண்டிக்கொண்டேன். இந்த முட்டியோடு அத்தனை படியும் ஏறினேன். ஜெயித்தாய். மழை மாசத்தில் உப்பளத்து ஜனங்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று சட்டசபையில் நீ எழுந்து கேட்டது பேப்பரில் வந்தது. அதைக் கத்தரித்து அரிசிப் பானைக்கு மேலே ஒட்டி வைத்தேன்.

அதே பேப்பரில், கொஞ்ச நாள் கழித்து, முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்த படமும் வந்தது. எம்.எல்.ஏ. என்றால் நாலு இடத்துக்குப் போகத்தானே வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் தேர்தலுக்கு ஓடிய ஜீப்புகள் அவருடையவை என்று குள்ளம்மாவின் மகன் சொன்னபோது அவனைத் திட்டி அனுப்பினேன்.

அப்புறம் ஒரு நாள் மண் வாரும் மிஷின் வந்தது. பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு வாய்க்காலை இன்னும் அகலமாக வெட்டத் தொடங்கியது. பெண்கள் ஓடிப்போய்த் தடை உத்தரவின் நகலைக் காட்டினார்கள். முதலாளியின் ஆள் சட்டைப் பையிலிருந்து வேறு ஒரு தாளை எடுத்துக் காட்டினான். அஞ்சலை என் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"தைலக்கா, நாங்க ராஜியாப் போறோம்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டோமாம். கைநாட்டு இருக்குதாம். எப்பக்கா வெச்சோம்?"

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

மறுநாள் திண்டிவனத்தில் உன் ஆபீசுக்கு வந்தேன். கூட்டம் இருந்தது. என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாய். நான் கேட்பதற்கு முன்னாடியே நீ பேசினாய்.

"ராஜின்னா தோத்துட்டோம்னு அர்த்தம் இல்லக்கா. வசதி ஏற்படும்போது பாலம் கட்டித் தர்றேன்னு அவரு எழுதிக் குடுத்திருக்காரு."

"வசதி எப்ப ஏற்படும்?"

நீ மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினாய்.

"அந்தத் தாள் நான் வெச்ச தாள்தானேடா?"

"மெதுவாப் பேசு. அது உன் வெரல்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா முதல்ல உள்ள போறது நீதான். பின்னாடி எனக்கு சன்னது போயிடும், வக்கீல் தொழிலே பண்ண முடியாது. இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் போயிடும். போவட்டுமா? சொல்லு, போவட்டுமா?"

உன் உதடு நடுங்கியது. சின்ன வயதில் பொய் சொல்லிவிட்டு நிற்கும்போதும் உனக்கு அப்படித்தான் நடுங்கும். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு ஆளைக் கூட அனுப்பினாய், என் பையைத் தூக்க.

ஊருக்கு வந்ததும் அஞ்சலை கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுடி" என்று சொன்னேன். இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியட்டும். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. நீ குப்பத்து ஜனங்களோடு பத்து நாள் சேற்றில் நின்றாய், வேட்டி நனைந்து காய்ந்து நனைந்து. பொணங்களை நீயே தூக்கினாய் என்று சொன்னார்கள். என் தம்பி திருந்திவிட்டான், கோர்ட்டுக்குப் போய் அதையும் சரி செய்துவிடுவான் என்று நம்பினேன். காத்திருந்தேன். நீ செய்யவில்லை. அந்த ஐந்து பேரும் புதுச்சேரியிலிருந்து ஒரு வக்கீல் பெண்ணைப் பிடித்து, ராஜி மனுவில் இருப்பது எங்கள் கைநாட்டு இல்லை என்று மனுப் போட்டார்கள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மழையில் அஞ்சலையின் புருஷன் ஏழுமலை செத்துப்போனான். மூன்று நாளாக விடாத மழை. வாய்க்காலில் தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. நாலு பேர் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் ஒருத்தனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. ஏழுமலை தண்ணீருக்குள் போய்விட்டான்.

பெண்கள் அதற்கு மேல் வரக் கூடாது என்று எங்களைக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். அஞ்சலை அதையெல்லாம் பார்க்கவில்லை, இறங்கிவிட்டாள். புருஷன் தலையைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள், "ஒரு கை புடிக்கா" என்றாள். நான் இறங்கினேன். அவன் கால் பக்கம் பிடித்தேன். அந்தக் கால் எவ்வளவு கனமாக இருந்தது தெரியுமா உனக்கு?

கரையேறி வந்து ஈரத்தோடு கடையில் போன் போட்டேன். "வேன் அனுப்பறேன்க்கா, ரோட்டு வழியா சுத்திப் போயிடலாம்" என்றாய். பொணம் மண்ணுக்குப் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். நாம் பேசியது அதுதான் கடைசி.

பொங்கலுக்கு முன்னால் நீயும் போனாய். வண்டியில் போகும்போது நெஞ்சைப் பிடித்தாயாம். சொந்த ஊரில்தான் அடக்கம் என்று உன் ஆட்கள் முடிவு பண்ணினார்கள். நீ இல்லாத அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். முதலாளி லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி, ஒரே பகலில் அந்த வாய்க்காலை மூடினார். ரோலர் வைத்து அமுக்கினார்கள். உன் பூப்போட்ட வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. பின்னாடியே மந்திரிகளின் காரெல்லாம் போனது.

ஊரில் எல்லோரும் உன்னால் வழி கிடைத்தது என்று அழுதார்கள். உன் பதினாறாம் நாள் முடிந்தது. மறுநாளே மிஷின் வந்து அந்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. பச்சையம்மா கரையில் நின்று பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல எம்.எல்.ஏ.வா செத்தாதான் காலு நனையாமப் போவ முடியும் போல" என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஐந்து பேரின் விரலையும் கோர்ட்டில் மறுபடி எடுத்து நிபுணருக்கு அனுப்பியிருந்தார்கள். போன மாதம் பதில் வந்தது. இவர்களின் ரேகை தெளிவில்லை, ஒத்துப் பார்க்க முடியாது. மனுவில் இருக்கிற ஐந்தும் ஒரே விரல்தானா என்று பார்க்கச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை. புதுச்சேரி வக்கீல் பெண் ஊருக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு என் கையை நீட்டினேன். அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன்.

அவள் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆயா, எதுக்கு உங்க விரல்? உப்பளத்து ஆளுங்க கைநாட்டு எல்லாமே மங்கலாத்தான் விழும். ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டா கோர்ட்டுல அப்படியே வாங்கிக்குவாங்க. எத்தனையோ கேஸ்ல நானே குடுத்திருக்கேன். பதினஞ்சு வருஷம் தொழில் பண்ண வக்கீலுக்கு இது தெரியாதா?"

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கேள்விதான். தெரியாதா உனக்கு? அவசரத்தில் செய்ததா? அல்லது கொட்டகையில் நின்று என் கையைப் பார்த்தாயே, அப்போதே மனசில் இருந்ததா? ஐந்து பேரின் கறுப்பு வட்டத்தைக் கொடுத்திருந்தால் என்றைக்காவது அந்த ஐந்தில் ஒருத்தி எழுந்து, வெற்றுத் தாளில்தான் வைக்கச் சொன்னார் என்பாள். என் விரலாக இருந்தால், அவர்கள் மறுத்தாலும் எழுந்து நிரூபிக்கக் கூடியவள் நான் ஒருத்திதான். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். என் பாசத்தை எடைபோட்டா அந்தத் தாளை நீட்டினாய்? பதில் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

"நீங்க சொன்னா உங்கமேலயும் கேஸ் வரும் ஆயா. வயசப் பாப்பாங்க, ஆனா வரும்" என்றாள் அந்தப் பெண். வரட்டும் என்றேன்.

கோர்ட்டுக்குச் சொல்வதற்கு முன்னால் அஞ்சலைக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. பாத்தி ஓரத்தில் அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது போய், வெற்றுத் தாள்களில் விரல் வைத்ததைச் சொன்னேன். தூக்கு வாளியை மூடி வைத்தாள். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன்.

"அன்னிக்குத் தண்ணியில எறங்கனப்பவே தெரியும்க்கா" என்றாள். "ஒண்ணும் தெரியாதவ அப்படி எறங்க மாட்டா."

தூக்கு வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே உங்கிட்ட பேச மாட்டேன். கோர்ட்டுக்கு மட்டும் கூட வர்றேன்."

சொன்னபடிதான் இருக்கிறாள். குழாயடியில் எனக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறாள். அது அவள் உரிமை. என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் அந்த ஐந்து பேரின் பாடு, அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மற்றவர்களையும் யோசித்துப் பார்த்தேன். முதலாளி எனக்கு உறவும் இல்லை, நட்பும் இல்லை. அவர் தன் உப்பைத்தான் பார்த்தார், நம்மைப் பார்ப்பேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. முரளி நீ சொன்னபடி அந்த ராஜி மனுவை எழுதினான். அவனுக்கு ஓட்டுப் போடமாட்டேன், அத்தோடு சரி. வரதன் போன வாரம் வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதான், சாட்சி சொல்ல நானும் வருகிறேன் என்றான். அவனுக்கு மோர் கொடுத்தேன்.

இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற வாய்தாவில் கூண்டில் ஏறுவேன். நீதிபதியின் எதிரில் மையைத் தொட்டு வெள்ளைத்தாளில் விரலை வைப்பேன். ஐந்து பெயருக்குக் கீழும் இருப்பது இந்த விரல்தான், வைக்கச் சொன்னது யார் என்றும் சொல்வேன். உன் பெயரை அங்கே உரக்கப் படிப்பார்கள். உன் படத்துக்கு மாலை போட்ட சுவரெல்லாம் அதைக் கேட்கும். எனக்கு என்ன தண்டனை வந்தாலும் வாங்கிக்கொள்வேன், உன்மேல் பாரத்தைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். ஆனால் உன்னைக் காப்பாற்றவும் மாட்டேன்.

நீ விலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊரில் எத்தனையோ பேர் விலை போகிறார்கள். ஆனால் ஐந்து பேர் தங்கள் விரல் என்று நம்பி விட்ட கையை, உன்னைத் தூக்கிச் சுமந்த கையை, நீ அதற்கு எடுத்தாய்.

இப்படிக்கு, உன் அக்கா தைலம்மாள். என் உயிர் இருக்கிற வரைக்கும் நான் மன்னிக்காத ஒரே ஆள், என் கூடப்பிறந்த சுந்தரேசன்.